நேர்ந்துவிட்ட நாக்கு

கார்த்திகையில் தேவதாஸ் அண்ணன் பெரியாஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வீட்டுக்கு வந்த அன்று, எங்கள் வரிசையில் எல்லோரும் மூக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். மத்தியானம் அந்த வீட்டிலிருந்து கறிக்குழம்பு வாசனையோ மீன் வறுக்கிற வாசனையோ வந்துவிட்டால், மனிதர் பிழைத்துவிட்டார் என்று நாங்களும் நிம்மதியாக இருக்கலாம். வந்தது பருப்பு ரசத்தின் வாசனை. டெங்கு வந்த உடம்பு, டாக்டர் பத்தியம் சொல்லியிருப்பார் என்றாள் என் மனைவி. மறுநாள் கீரை. அதற்கு மறுநாள் பீர்க்கங்காய்க் கூட்டு. ஒரு வாரம் போனதும் தெருவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் வரிசை முதலியார்பேட்டையில் இருக்கிறது. மில் சங்கு ஊதிய காலத்தில் எங்கள் அப்பாக்கள் குடியேறிய வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். மில் போன பிறகு ஆளுக்கொரு பிழைப்பு. நான் குட்டியானை என்கிற சின்ன லாரி ஓட்டுகிறேன். தேவதாஸ் அண்ணனும் முல்லா வீதி ஷஹாபுதீன் பாயும் சேர்ந்து கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்கிறார்கள். அவர்களுடைய அண்டாவும் அடுப்பும் என் வண்டியில்தான் போகும், வரும். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி சுவர் வழியாகக் கேட்டது.

பாய்க்கு ஆடு பார்த்து வாங்கத் தெரியும். அரிசி தெரியும், நெருப்பு தெரியும், வந்தவர்களிடம் பேசத் தெரியும். உப்பு மட்டும் அண்ணன். தேக்சா என்று சொல்லும் அந்தப் பெரிய பாத்திரத்தில் கறியும் மசாலாவும் வெந்து, தண்ணீர் ஊற்றி உலை கொதித்து வரும்போது, அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கணம் இருக்கிறது. அப்போது உலையில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அரிசி அதை இழுத்துக்கொண்டு சரியாகிவிடும். எவ்வளவு தூக்கல் என்பதில்தான் விஷயம். அரிசி விழுந்த பிறகு உப்பைப் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அண்ணன் கைக்கணக்காக உப்பை வீசுவார், கரண்டியால் உலையை எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்குவார், கண்ணை மூடுவார். இன்னும் அரைக் கை வீசுவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டுக் கல்யாணத்தில், பாரீஸிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் இலையை வழித்துவிட்டு அண்ணனோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்னும் அவர் போனில் இருக்கிறது.

அப்படிப்பட்ட மனிதர் கீரை தின்கிறார் என்றால் விஷயம் வெளியே வராமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கிளம்பியது.

"எம்மே வேம்பு, எனக்கு நாக்கு செத்துப் போச்சு. இன்னிக்குச் செவ்வாயும் இல்ல, வெள்ளியும் இல்ல. கொஞ்சம் கறி எடுத்தாந்தா இன்னா?"

"எடுக்க முடியாதுய்யா."

"டாக்டரே சொன்னாரு. முட்டை, கறி, மீனு, நல்லா சாப்ட்டு ஒடம்பத் தேத்திக்கோன்னாரு. நீதான கூட நின்ன?"

"டாக்டரு சொல்லுவாரு. நான் அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"எந்த அம்மாகிட்ட?"

"மாரியம்மாகிட்ட." வேம்பு அண்ணியின் குரல் இறங்கியது. "ரத்தத்துல தட்டணு எறங்கிப் போச்சு, காலையில வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு அந்த நர்சு பொண்ணு சொல்லுச்சு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. நேரா கோயிலுக்கு ஓடியாந்தேன். கற்பூரம் ஏத்தி நேந்துக்கினேன். இந்த மனுசன் பொழச்சு வந்தா, இனிமே இவரு வாயில கவிச்சி படாது தாயேன்னு."

அண்ணன் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க இருமல் வந்துவிட்டது.

"ஆட்டை நேந்து உடுவாங்க, கோழியை நேந்து உடுவாங்க. புருசன் நாக்கை நேந்து உட்டவ ஊர்லயே நீ ஒருத்திதான்மே."

"சிரிக்காத. நீ பொழச்சியா இல்லியா?"

"பொழச்சேன். எத்தினி நாளைக்கு இது? ஒரு மாசமா?"

"மாசம் இன்னா மாசம். ஆயுசுக்கும்."

அப்போதுதான் அவர்கள் மகள் கவிநிலா உள்ளே வந்திருக்க வேண்டும். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஷிப்ட் வேனில் போய் வருகிறாள். மனதில் பட்டதைச் சொல்லிவிடும் பெண்.

"அடுத்தவங்க வாயை நீ எப்படிம்மா நேந்துக்கலாம்? உனக்கு இஷ்டம்னா நீ உடு."

"நான் கறி தின்னாதான உடறதுக்கு?"

அது உண்மை. அண்ணி வைத்திக்குப்பத்துப் பெண். கடற்கரையில் படகு வந்து இறங்கினால் வலையிலிருந்தே மீன் பொறுக்கிய கை. அண்ணனைக் காதலித்து, இரண்டு பக்கமும் சண்டை போட்டு, எங்கள் வரிசைக்கு வாழ வந்தவள். அவளுக்கு மீன் இல்லாத சோறு சோறில்லை. ஆனால் ஆட்டுக்கறி வாடை ஆகவே ஆகாது. புருஷன் சட்டையைத் துவைக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு துவைப்பாள். ஊருக்கே பிரியாணி போடும் மனிதனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டி என்று நாங்கள் கேலி செய்யாத நாளில்லை.

அண்ணன் முதலில் அதை ஒரு விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். உடம்பு தேறி வெளியே வந்த முதல் வாரம், என் வண்டியில் ஏறி உட்கார்ந்து, "தம்பி, ஏதாவது ஒரு கடைக்கு வுடு. உன் அண்ணிக்குத் தெரிய வேணாம்" என்றார். போனோம். இலை போட்டார்கள். மட்டன் சுக்கா வந்தது. மிளகு வாசனை ஆளைத் தூக்கியது. அண்ணன் ஒரு துண்டை எடுத்தார், சோற்றில் வைத்தார், கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னாண்ணே?"

"தூங்கும்போது என் மூக்குகிட்ட வெரல வச்சுப் பாக்கறாடா. மூச்சு வருதான்னு. நான் தூங்கற மாதிரி படுத்துக்கினு இருப்பேன். இன்னிக்கு இதைத் தின்னுட்டுப் போய் படுத்தேன்னு வையி, என் மூஞ்சைப் பாத்தே கண்டுபுடிச்சிடுவா. அப்பறம் அவ தூங்கவே மாட்டா."

அவர் ரசம் சாதம் சாப்பிட்டு எழுந்தார். அந்தச் சுக்காவை நான்தான் சாப்பிட்டேன். பாவமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது.

இப்படியாக அண்ணன் சைவமானார். அண்ணி அவருக்கு முன்னால் மீன் சமைப்பதை விட்டுவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வைத்திக்குப்பத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். சீயக்காய் போட்டுக் கை கழுவி, வெற்றிலை போட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவாள். ஒருநாள் நான் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி உள்ளே வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். சொம்பை வாங்கிய அண்ணன் அவள் கையை விடவில்லை.

"கானாங்கெளுத்தியா?"

அண்ணி திடுக்கிட்டாள். "எப்படிய்யா தெரியும்?"

"மாங்கா போட்டு வச்சிருக்காங்க. புளி கொஞ்சமா."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"ஏமே, உனக்குக் கறி ஆவாது, சரி. மீனு இருந்துச்சில்ல? உன் மீனை நேந்துக்கினு இருக்கலாம்ல?"

அண்ணி உள்ளே போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். காலையில் துலக்கிக் கவிழ்த்த பாத்திரங்களைத்தான் மறுபடி துலக்கினாள். அந்த வீட்டில் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

தை மாதக் கல்யாணங்களை எப்படியோ சமாளித்தார்கள். உலை கொதிக்கும்போது அண்ணன் மணத்தைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து உப்பு வீசுவார். கடைசியில் பாய் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துத் தலையாட்டுவார். பாய்க்கு நாக்கு சுமார்தான், அவரே சொல்வார். ஆனாலும் மானம் போகவில்லை. அதற்குள் ரம்ஜான் வந்துவிட்டது. அப்போதுதான் இந்த நேர்த்திக்கடன் யாரை எங்கே மடக்கிப் போட்டிருக்கிறது என்று எங்களுக்கு உறைத்தது.

நோன்பு மாதத்தில் பாய் எச்சில்கூட யோசித்து விழுங்குகிற ஆள். பள்ளிவாசல் கஞ்சியில் கறி கொத்திப் போடுவார்கள். நோன்பு திறப்புக்கு வீடுகளில் பிரியாணி கேட்பார்கள். எல்லாம் பகலில் கொதிக்க வேண்டும். பகலில் பாய் வாயில் எதுவும் வைக்க மாட்டார். இத்தனை வருஷமாக அந்த மாதம் முழுக்க அவருக்கும் சேர்த்து உப்புப் பார்த்தது அண்ணன்தான். 'நோன்பு எனக்கு, நாக்கு தாஸுக்கு' என்று பாய் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். இப்போது அடுப்பின் இந்தப் பக்கம் ஒரு நோன்பாளி, அந்தப் பக்கம் இன்னொரு நோன்பாளி. மற்ற வேலைக்காரர்களும் பாய் வீட்டுச் சொந்தங்கள், எல்லோருக்கும் நோன்பு.

எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று தின்கிற என் நாக்கை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது சக்கரபாணி. விறகு தூக்கி, பாத்திரம் கழுவுகிறவன். வாயில் எந்நேரமும் ஹான்ஸ் புகையிலை. முதல் நாள் கஞ்சிக்கு அவனைப் பார்க்கச் சொன்னார்கள். நக்கிவிட்டு, "சூப்பரா இருக்குது பாய்" என்றான். அன்றைக்குப் பள்ளிவாசலில் பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் படாத வாயால் அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள், குடம் குடமாகத் தண்ணீர் கேட்டார்கள். உப்பு அப்படி. பாய் யாரையும் திட்டவில்லை. மறுநாள் காலையில் அண்ணன் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே" என்றாள் அண்ணி.

"இருக்கட்டும் தங்கச்சி. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். தப்பா எடுத்துக்காத. எனக்கு இந்த மாசத்தோட முடிஞ்சிடும். பெருநாளு வந்தா நான் சாப்பிடுவேன். உன் சாமிகிட்ட ஒரு பெருநாளு கெடையாதா?"

அண்ணி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். "பூசாரியைக் கேட்டுட்டேண்ணே. பூக் கட்டிப் போட்டுப் பாக்கலாம், அம்மா சரின்னா மாத்திக்கலாம்னாரு. எனக்குத்தான் பயம். அம்மா வேணாம்னு சொல்லிட்டா? அதுக்கப்பறம் எனக்கு ஏது தைரியம்? கேக்காம இருந்தா இப்படியாவது இருப்பாரு."

"அவன் இருக்கான் தங்கச்சி. அடுப்படியில வந்து பாரு. எப்படி இருக்கான்னு."

கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன், "பாய், வுடுங்க. அவளைக் கேக்காதீங்க" என்றார்.

"உன்னைக் கேக்கலடா. வியாழக்கெழம பதுருன்னிசாம்மா ஊட்டு நோன்பு தொறப்பு. பொண்ணு குடுத்த சம்பந்தி ஊட்டுக்காரங்க மொத மொத வராங்க. எங்க வாப்பா காலத்துலேர்ந்து அந்த ஊட்டுக்கு நாங்கதான். அங்க சக்கரபாணி வாயை நம்பி நான் அரிசி போட முடியாது." பாய் அண்ணியைப் பார்த்தார். "நீ வாம்மா. உனக்கு நோன்பு இல்ல, உன் வாயை யாரும் நேந்துக்கினதும் இல்ல. ஒரு வாய் பாத்துச் சொல்லு, போதும்."

கறி வாடையே ஆகாத அண்ணி, "வரேண்ணே" என்றாள். தான் வைத்த முடிச்சைத் தானே அவிழ்க்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, வியாழக்கிழமை எங்களுக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

பதுருன்னிசாம்மா வீட்டுக் கொல்லை பெரியது. மாசி வெயில் சுவரில் பட்டுத் திரும்பி அடித்தது. கடற்காற்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மூலையில் விறகு அடுக்கி, கல் கூட்டி, தேக்சாவை ஏற்றினார்கள். அண்ணி வெங்காயம் அரிய உட்கார்ந்தாள். கறி வந்து இறங்கியதும் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் அடுப்படியில் நின்றால் வேறு ஆள். பட்டை கிராம்பு பொரிகிற சத்தத்தில் தலையைச் சாய்ப்பார், வெங்காயம் நிறம் மாறும்போது கைகாட்டுவார், இஞ்சி பூண்டு பச்சை வாடை போயிற்றா என்று ஆவிக்குள்ளேயே மூக்கை நீட்டுவார். அன்றைக்கும் அப்படித்தான் நின்றார். பார்க்கிறவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது.

கறி முக்கால் வேக்காடு வந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். உலை கொதித்தது. அண்ணன் உப்பு வீசினார்.

"அரிசி ஊறினது போதும்" என்றார் பாய். "இதுக்கு மேல உட்டா ஒடஞ்சு போவும். தங்கச்சி, வாம்மா."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூக்குக் கட்டை அவிழ்த்தாள். அண்ணன் கரண்டியிலிருந்து ஊதி ஊதி அவள் உள்ளங்கையில் ஊற்றினார். நெய்யும் கொழுப்பும் மிதக்கிற உலை. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நக்கினாள்.

"உப்பு எப்படி இருக்குது?"

"இருக்குது."

"இருக்குதுன்னா? கொழம்பு மாதிரி இருக்குதா, அதுக்கு மேல கரிக்குதா?"

"தெரியலையே. கறி வாடைதான் தெரியுது."

"இன்னொருவாட்டி பாரும்மா" என்றார் பாய். "அவசரப்படாத."

இரண்டாவது முறை நக்கினாள். "பத்துதுன்னு நெனைக்கிறேன்." அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெனைக்காத. நாக்குல இன்னா தெரியுது, அதைச் சொல்லு." மூன்றாவது முறை கை வாய்க்குப் போகும்போதே வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் கொல்லை முழுக்கக் கேட்டது. உள்ளேயிருந்து பதுருன்னிசாம்மா எட்டிப் பார்த்து, "யாருக்கு என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்லம்மா, வெயிலு" என்றார் பாய்.

அண்ணி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. நேராக அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நீயே பாருய்யா."

"இன்னா?"

"நீயே பாரு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். இன்னா வந்தாலும் எனக்கு வரட்டும். நீ பாரு."

அந்த வார்த்தைக்காகத்தான் மனிதர் கார்த்திகையிலிருந்து காத்திருந்தார். அண்ணன் உலையை மொண்டு கையில் ஊற்றினார். கையை வாயருகே கொண்டுபோனார். உதடு படுகிற தூரம். அங்கேயே நின்றது கை. கண்ணை மூடினார், திறந்தார். விரலிடுக்கில் கசிந்து, உலை முழங்கை வழியாக ஒழுகியது. சுட்டிருக்கும். அவர் அதைத் துடைக்கவில்லை.

"முடியலமே" என்றார்.

"நான்தான் சொல்றேன்ல?"

"நீ சொல்ற." குரல் எங்கிருந்தோ வந்தது. "எனக்குப் பயமா இருக்குது வேம்பு."

கொதிக்கிற தேக்சாவை ஈரத்துணி பிடித்து இறக்குகிற ஆள் அவர். மழைக்காலத்தில் படகு கவிழ்ந்தபோது மச்சானைத் தேடிக் கடலில் குதித்தவர் என்றும் சொல்வார்கள். ஒரு கை உலைக்குப் பயந்து எல்லோருக்கும் முன்னால் நின்றார். அண்ணி தன் பயத்தை எடுத்து அவருக்குள் வைத்துவிட்டாள்; இப்போது அவளே திரும்பக் கேட்டாலும் அவரால் அதை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

"குடு" என்றார் பாய்.

"பாய், நோன்பு..."

"நாக்கு நுனியில வச்சுத் துப்பினாக் கூடும், நோன்பு முறியாது. பள்ளிவாசல் ஆலிம்ஷா எப்பவோ சொல்லிட்டாரு. நீ இருந்த, எனக்குத் தேவைப்படல. மனசும் ஒப்பல. அவ்ளோதான்."

கரண்டியை வாங்கினார். நுனி நாக்கில் ஒரு சொட்டு வைத்தார். ஓரமாகப் போய்த் துப்பினார். வாயைக் கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார், போதாதென்று துண்டால் நாக்கைத் துடைத்துக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உப்புப் பத்தல தாஸு. ரெண்டு கை போடு."

தேவதாஸ் அண்ணனிடம் உப்பு போடு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் தலையாட்டினார். ரெண்டு கை போட்டார். அரிசி விழுந்தது.

பிரியாணி நன்றாகத்தான் வந்தது. சம்பந்தி வீட்டார் மறுமுறை கேட்டு வாங்கினார்கள் என்று பதுருன்னிசாம்மா வாசல் வரை வந்து சொல்லிவிட்டுப் போனார். பாத்திரங்களை வண்டியில் ஏற்றும்போது பாய் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே பேசினார். அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் அந்தக் கயிறு.

"இப்பல்லாம் எல்லாக் கல்யாணத்துலயும் வெஜ் பிரியாணி தனியாக் கேக்கறாங்க தாஸு. அதுக்கு ஒரு ஆளு வேணும். நாளையிலேர்ந்து அதை நீ பாத்துக்க."

"சரி பாய்."

"கோவமில்லையே?"

"இல்ல பாய். அதுவும் வேலைதான?"

வண்டியில் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்து வந்தோம். ஏதாவது பாட்டுப் போடலாமா என்று கை நீட்டி, போடாமல் விட்டேன்.

சனிக்கிழமை காலை சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் அழுகைச் சத்தம் கேட்டது. கவிநிலா வேலைக்குப் போயிருந்தாள். என் மனைவி என் கையில் காபி டம்ளரைக் கொடுத்து, "போய் இன்னான்னு பாரு" என்று தள்ளிவிட்டாள். நான் வாசலுக்குப் போனபோது அண்ணன் சட்டை போடாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்தும் அவள் பேச்சை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு நீ கேட்டியே, உன் மீனை ஏன் நேந்துக்கலன்னு. நேந்துக்கத்தான்யா போனேன். மீனை உட்டுடறேன் தாயேன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். சத்தியமா வந்துச்சு, தொண்டை வரைக்கும். அப்பறம் வரல. நாளைக்கு எவனாச்சும் கருவாடு சுட்டான்னா நான் தின்னுடுவேன், என்னால முடியாது, அப்ப நீ செத்துப் பூடுவன்னு தோணுச்சு. என் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. உன்னால முடியும்னு நெனச்சு உன்னுதைச் சொல்லிட்டேன்." மூக்கைச் சிந்தினாள். "உன் நாக்கை நான்தான்யா அறுத்துட்டேன்."

நான் திரும்பிவிடலாமா என்று நின்றேன்.

"தெரியும்மே" என்றார் அண்ணன்.

"இன்னா தெரியும்?"

"நீ கோயிலுக்குப் போயி மீனைச் சொல்லியிருக்க மாட்டன்னு தெரியும். கேட்டேன், அவ்ளோதான். கட்டிக்கினு வந்த அன்னிக்கே நெத்திலி எங்கன்னு கேட்டவ நீ." சிரிக்கப் பார்த்தார். "எழுந்திரு. மூஞ்சியக் கழுவு."

தெருவில் மீன்காரம்மாவின் குரல் வந்தது. அண்ணி அசையவில்லை. அண்ணனே எழுந்து போய்க் கூடையை இறக்கச் சொன்னார். சங்கரா நல்ல சிவப்பாக இருந்தது. செவுளைத் திறந்து பார்த்து எடுத்தார். "யாருக்குய்யா?" என்று அண்ணி பதறினாள். "உனக்குத்தான். என் வாய்க்குத்தான் தடை, கைக்கு இல்லியே? ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வெளியில போயித் தின்னுட்டு திருடி மாதிரி ஊட்டுக்குள்ள வர. இனிமே இங்கயே தின்னு, என் கண்ணு முன்னாடி."

அவர் வீட்டில் சமைத்து நாங்கள் பார்த்ததே இல்லை. மண்சட்டியைத் தேடி எடுத்தார். மீனை அவரே உரசிக் கழுவினார். நல்லெண்ணெயில் வெந்தயம் போட்டு, வெங்காயம் வதக்கி, புளி கரைத்து ஊற்றினார். உப்பு ஜாடியில் கைவிட்டு எடுத்து வீசினார். வீசிய பிறகு கரண்டியால் குழம்பை மொண்டு உள்ளங்கையில் ஊற்றினார். அது பழக்கம். கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு, இன்னும் கொஞ்சம் உப்பு வீசினார்.

எனக்கும் ஒரு கிண்ணத்தில் சோறும் குழம்பும் வந்தது. அண்ணியைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்து அவரே பரிமாறினார். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு வாய் வைத்தேன். உப்பு வாயைக் கரித்தது. சாதாரணக் கரிப்பு இல்லை, அண்டாவுக்குப் போடுகிற கையால் சட்டிக்குப் போட்ட உப்பு. நான் தலையை நிமிர்த்தாமல் விழுங்கினேன்.

"எப்படி?" என்று அண்ணியைக் கேட்டார். பரீட்சை எழுதியவன் முகம்.

அண்ணி ஒரு வாய் சாப்பிட்டாள். மீனைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து இன்னொரு வாய் சாப்பிட்டாள். மீனில் உப்பு கொஞ்சம் கூடினாலும் தட்டைத் தள்ளிவிடுகிற குப்பத்துப் பெண்.

"சரியா இருக்குதுய்யா" என்றாள்.

"உப்பு?"

"உப்புந்தான். சரியா இருக்குது."

அண்ணன் என்னைப் பார்த்தார். "சூப்பர்ணே" என்றேன்.

"பாத்தியா? வாயில வைக்காம வச்சேன்" என்றார் அண்ணன். அவர் முகம் மலர்ந்து நாங்கள் பார்த்து மூன்று நான்கு மாதம் ஆகியிருந்தது. "கை மறக்கலடா. பாய்கிட்ட சொல்லணும்."

அண்ணி தலையாட்டினாள். சோற்றுப் பானையைத் தன் பக்கம் இழுத்து, இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு, அந்தக் குழம்பையே மறுபடியும் ஊற்றச் சொன்னாள்.